தயோசல்பேட் பிராக்டிகல்: கிளர்வு ஆற்றல் குறைவாக வருகிறது, ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

வேளச்சேரி மாணவி

பி.எஸ்சி. வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வெப்பநிலை ஏற ஏற வினைவேகம் எப்படி மாறுகிறது என்ற பிராக்டிகலுக்குத் திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

செய்தது இதுதான். 0.1 மோலார் சோடியம் தயோசல்பேட் 50 மி.லி. எடுத்து கோனிக்கல் ஃபிளாஸ்கில் விட்டு, வாட்டர் பாத்தில் சூடாக்கினோம். தெர்மாமீட்டர் வேண்டிய டிகிரியைக் காட்டியதும் ஃபிளாஸ்கை வெளியே எடுத்து, பெருக்கல் குறி போட்ட தாளின் மேல் வைத்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றினோம். ஊற்றத் தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, மேலிருந்து பார்த்துக் குறி மறைந்ததும் நிறுத்தினோம் (வினையில் உருவாகும் சல்பர் கரைசலைக் கலங்கலாக்கிக் குறியை மறைக்கும்). அமிலம் மேசை மேலேயே இருந்தது. லேபில் அன்று 30 டிகிரி.

30 டிகிரி: 52 விநாடி
40 டிகிரி: 30 விநாடி
50 டிகிரி: 18 விநாடி
60 டிகிரி: 12 விநாடி
70 டிகிரி: 8 விநாடி

1 ÷ நேரம் என்பதன் இயல் மடக்கையை, 1 ÷ கெல்வின் வெப்பநிலைக்கு எதிராக வரைந்தேன். சாய்வு −4857, கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 40.4 கிலோஜூல். பக்கத்து பேட்சுக்கு 50-க்கு மேல் வந்திருக்கிறது. என் புள்ளிகள் நேர்கோட்டில் உட்காராமல் லேசாக வளைகின்றன. முதல் மூன்றை மட்டும் எடுத்தால் 43, கடைசி மூன்றை மட்டும் எடுத்தால் 37.

கடைசி இரண்டு புள்ளிகளை விட்டுவிடலாமா? விவாதப் பகுதியில் "மனிதப் பிழை" என்று எழுதினால் போதுமா? இன்னொன்று, வினைவேக மாறிலியை நாங்கள் அளக்கவே இல்லை, நேரத்தைத்தான் அளந்தோம். அதிலிருந்து கிளர்வு ஆற்றல் எடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

---

இயற்வேதியியல் ஆசிரியர்

புள்ளிகளை விடாதீர்கள் அம்மா. உங்கள் அளவீடுகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. வெப்பநிலைப் பத்தியில்தான் சிக்கல். 70 டிகிரி என்று நீங்கள் எழுதியிருப்பது அமிலம் சேர்வதற்கு முன் தயோசல்பேட் கரைசல் இருந்த வெப்பநிலை. வினை நடந்தது அந்த வெப்பநிலையில் இல்லை.

50 மி.லி. 70 டிகிரியில், 10 மி.லி. 30 டிகிரியில். இரண்டும் பெரும்பாலும் தண்ணீர்தான், ஆகவே வெப்ப ஏற்புத்திறன் ஒன்றென்றே கொள்ளலாம். கலவை (50 × 70 + 10 × 30) ÷ 60 = 63.3 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இதே கணக்கில் 60 என்பது 55 ஆகிறது, 50 என்பது 46.7, 40 என்பது 38.3. 30 மட்டும் 30-ஆகவே நிற்கிறது. சூடு ஏற ஏற விலகலும் ஏறுகிறது பாருங்கள், அதனால் படம் ஒரு பக்கமாக இழுபடுகிறது. இந்தத் திருத்தம் ஒன்றை மட்டும் செய்து மறுபடி வரைந்தால் சாய்வு −5713 ஆகும், கிளர்வு ஆற்றல் 47.5 கிலோஜூல். ஒரே காரணம் 7 கிலோஜூலை விழுங்கியிருக்கிறது.

இது கணக்கிட்ட மதிப்பு, அளந்த மதிப்பு அல்ல என்பதை ரிப்போர்ட்டில் மறைக்க வேண்டாம். பாத்தில் இருந்த கண்ணாடியும் சூடாக இருந்திருக்கும், அது கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும். வெளியே எடுத்த ஃபிளாஸ்க் காற்றில் கொஞ்சம் இழக்கும். அட்டவணையில் "அமிலம் சேர்க்கும் முன் அளந்த வெப்பநிலை" என்று ஒரு பத்தியும், "கணக்கிட்ட கலவை வெப்பநிலை" என்று பக்கத்தில் இன்னொரு பத்தியும் போடுங்கள். மூல அளவீட்டை அழித்துத் திருத்திய எண்ணை மட்டும் வைத்தால், திருத்துபவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"மனிதப் பிழை" என்ற சொல்லை மொத்தமாக விட்டுவிடுங்கள். எந்தப் பிழை, எந்தப் பக்கம் தள்ளுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்ற மூன்றும் இருந்தால்தான் அது விவாதம். உங்கள் ரிப்போர்ட்டுக்கு இப்படி எழுதலாம்: "அறை வெப்பநிலையில் இருந்த அமிலத்தைச் சேர்த்ததால், கலவையின் வெப்பநிலை பதிவு செய்ததைவிட 40 டிகிரியில் 1.7 டிகிரியும், 70 டிகிரியில் 6.7 டிகிரியும் குறைந்திருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. இதனால் சாய்வின் அளவு குறைந்து, கிளர்வு ஆற்றல் குறைவாக மதிப்பிடப்பட்டது. திருத்திய வெப்பநிலைகளைக் கொண்டு பெற்ற மதிப்பு 47.5 கிலோஜூல்."

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. குறி மறையும்போது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு சல்பர்தான் கூழ்மமாக உருவாகியிருக்கிறது. செறிவும் கன அளவும் மாறவில்லை. ஆகவே சராசரி வினைவேகம் 1 ÷ நேரத்துக்கு நேர்விகிதம், வினைவேக மாறிலியும் அப்படியே. அந்த விகித மாறிலி என்னவென்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மடக்கை எடுத்ததும் அது வெட்டுத்துண்டில் (கோடு நிலை அச்சை வெட்டும் மதிப்பில்) போய்ச் சேர்ந்துவிடும், சாய்வைத் தொடாது. இதே காரணத்தால்தான் இந்தப் படத்தின் வெட்டுத்துண்டிலிருந்து அதிர்வுக் காரணியை (அர்ரீனியஸ் சமன்பாட்டில் அடுக்குக்குறி உறுப்பைப் பெருக்கும் மாறிலியை) எடுக்கக் கூடாது. பல ரிப்போர்ட்டுகளில் எடுத்திருப்பார்கள், அது பொருளற்ற எண்.

---

லேப் அசிஸ்டென்ட் தரப்பு

சார் சொன்னதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஊற்றத் தொடங்கியதும் வாட்சை அழுத்தினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷரிங் சிலிண்டரிலிருந்து 10 மி.லி. முழுதும் இறங்கி, ஒரு சுழற்று சுழற்றிக் கலக்குவதற்குள் 2 விநாடி போய்விடும். 52-ல் அந்த 2 பெரிதில்லை, 8-ல் அது கால் பங்கு. திருத்திய வெப்பநிலையோடு எல்லா நேரத்திலிருந்தும் 2 விநாடி கழித்துப் பார்த்தேன்: 53.7 கிலோஜூல் வருகிறது, பக்கத்து பேட்சின் எண்ணுக்கு அருகில்.

ஆனால் இந்தக் கழித்தலை ரிப்போர்ட்டின் முடிவாகப் போடாதீர்கள். 2 என்பது என் ஊகம். அதே சிலிண்டரில் 10 மி.லி. தண்ணீர் எடுத்து, அதே ஃபிளாஸ்கில் ஊற்றிக் கலக்க எவ்வளவு நேரமாகிறது என்று லேபில் அளந்து பார்த்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டால் அதற்கு ஒரு ஆதாரம் உண்டு. அளக்க முடியாவிட்டால், "ஊற்றும் நேரம் உயர் வெப்பநிலைகளில் நேரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கும்" என்று திசையை மட்டும் சொல்லுங்கள்.

மறுபடி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

தயோசல்பேட் 0.1-க்குப் பதில் 0.05 மோலார். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், சூடான முனையிலும் 12 விநாடிக்குக் குறையாது. 500 மி.லி.க்கு 6.2 கிராம் எடையிட வேண்டும். இந்த 6.2 பாட்டிலில் வரும் ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட படிகத்துக்கு, அதன் மோலார் நிறை 248.2. நீரற்ற உப்பின் 158.1-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் படிகத்தை நிறுத்தால், 0.1 என்று லேபிள் ஒட்டியது உண்மையில் 0.064 ஆகத்தான் இருக்கும். பேட்சுக்கு பேட்ச் நேரம் ஒத்துப்போகாததற்கு இது அடிக்கடி காரணம். நல்ல செய்தி என்னவென்றால், எல்லா வெப்பநிலைக்கும் ஒரே கரைசலைப் பயன்படுத்தியிருந்தால் கிளர்வு ஆற்றல் இதனால் கெடாது.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் இன்னும் நல்லது, கரைந்த கார்பன் டைஆக்சைடு போய்விடும். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். நாள்பட்ட தயோசல்பேட் தானாகவே லேசாகக் கலங்கும். அமிலம் 1 மோலாருக்கு: அடர் ஹைட்ரோகுளோரிக் ஏறத்தாழ 12 மோலார், 250 மி.லி.க்கு 21 மி.லி. போதும். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது.

முக்கியமானது, அமிலத்தையும் சூடாக்குங்கள். 10 மி.லி.யை டெஸ்ட் டியூபில் எடுத்து, ஃபிளாஸ்க் இருக்கும் அதே வாட்டர் பாத்தில் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே டிகிரிக்கு வந்தபின் கலந்தால் கலவைக் கணக்கே தேவைப்படாது. தெர்மாமீட்டரை அமிலத்தில் நனைத்துவிட்டு அப்படியே தயோசல்பேட்டில் வைத்தால் அந்த ஒரு சொட்டிலேயே கலங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க வேண்டும், அல்லது இரண்டு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கலந்த உடனே ஒரு ரீடிங், குறி மறைந்ததும் ஒரு ரீடிங். இரண்டின் சராசரிதான் ரிப்போர்ட்டில் போகும் வெப்பநிலை.

சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள். 60 டிகிரி ஃபிளாஸ்க் ஃபேன் காற்றில் வேகமாக ஆறும். ஆனால் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். இந்த வினையில் சல்பர் டைஆக்சைடு வெளியேறுகிறது, சூடான கரைசலில் அது கரைந்து நிற்காமல் மேலே வரும். நீங்கள் ஃபிளாஸ்குக்கு நேர் மேலே குனிந்து பார்க்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் வாட்ச் பிடிக்கட்டும், குறியை வேறொருவர் பார்க்கட்டும். 70 டிகிரி தேவையே இல்லை, 55 அல்லது 60-உடன் நிறுத்தலாம்.

மேலே போவதற்குப் பதில் கீழே போங்கள். ரிப்போர்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு "அறை வெப்பநிலை 25" என்று எழுதுகிறார்கள். சென்னையில் ஏசி இல்லாத லேபில் 25 கிடைப்பது அபூர்வம், மே மாதம் டேங்க் தண்ணீரே அதைவிடச் சூடாகத்தான் வரும். 20, 25 வேண்டுமென்றால் ஐஸ் போட்ட பாத் வேண்டும். அங்கே ஒரு தொல்லை: நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் குளிர்ந்த ஃபிளாஸ்கின் அடிப்புறம் உடனே வியர்க்கும். அந்த நீர்த்துளிகள் வழியாகப் பார்த்தால் குறி சீக்கிரம் மங்கும், பேனா மை என்றால் தாளில் பரவியும் விடும். அடியைத் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். தாளுக்குப் பதில் வெள்ளை டைலில் பெர்மனென்ட் மார்க்கரால் போட்ட குறி சிறந்தது.

---

மடக்கை அட்டவணை

கணக்குப் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் 40.4 கணக்குப் பிழை இல்லாமல் வந்த எண், சரிபார்த்துவிட்டேன். இதே அளவீடுகளை வைத்து வேறு யாருக்காவது 17.5 கிலோஜூல் வந்தால், அவர் பத்தடிமான மடக்கை எடுத்துவிட்டு 2.303-ஆல் பெருக்க மறந்திருக்கிறார். 0.8 என்று வந்தால் கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸிலேயே 1 ÷ வெப்பநிலை போட்டிருக்கிறார். 40,000 என்று வந்தால் ஜூலைக் கிலோஜூலாக மாற்றவில்லை. விடையைப் பார்த்தே இந்த மூன்றையும் கண்டுபிடித்துவிடலாம்.

அலகைப் பற்றி: சாய்வின் அலகு கெல்வின். அதை ஒரு மோல் ஒரு கெல்வினுக்கு 8.314 ஜூல் என்ற வாயு மாறிலியால் பெருக்கினால் மோலுக்கு ஜூல் கிடைக்கும். சாய்வு எதிர்க்குறியோடு வர வேண்டும், கிளர்வு ஆற்றல் நேர்க்குறியோடு.

பிழை மதிப்பீடு இல்லாமல் 47.5 என்று தனியாக எழுதாதீர்கள். 8 விநாடியில் 1 விநாடி தவறினால் 12.5 சதவீதம், 52-ல் 1 தவறினால் 2 சதவீதம். ஆகவே எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு பிழைக்கோடு போடுவது தவறு, சூடான முனையில் கோடு நீளமாக இருக்க வேண்டும். இரு முனைப் புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நேரத்தால் மட்டுமே ±3 கிலோஜூல் வருகிறது. சூடான முனையின் வெப்பநிலையில் 1 டிகிரி சந்தேகம் இருந்தால் இன்னும் 1.3. ரிப்போர்ட்டில் 48 ± 4 என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் பக்கத்து பேட்சின் 50-சொச்சமும் உங்களுடையதும் முரண்படவில்லை என்பது தானாகவே தெரியும்.

வரைபடத்தில் கிடை அச்சு 0.0029-லிருந்து 0.0034 வரை போதும். சுழியிலிருந்து தொடங்கினால் எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் நெருக்கிக்கொள்ளும். புள்ளிக்குப் புள்ளி இணைக்காமல் ஒரே நேர்கோடு வரையுங்கள். சாய்வு எடுக்கும்போது கோட்டின் மேல் தொலைவில் உள்ள இரண்டு இடங்களை எடுக்க வேண்டும், அளவீட்டுப் புள்ளிகளை அல்ல. நேரத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்த வளைகோட்டையும் முதலில் ஒரு படமாகச் சேர்த்தால் நல்லது, ஆனால் அதிலிருந்து எந்த எண்ணும் எடுக்க வேண்டாம்.

---

வேளச்சேரி மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. கலவை வெப்பநிலைப் பத்தியைச் சேர்த்துவிட்டேன், சாய்வு கூடிவிட்டது, ஆனால் லேசான வளைவு இன்னும் இருக்கிறது. ஊற்றும் நேரத்தை நாளை லேபில் தண்ணீரை வைத்து அளக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

கொள்கைப் பகுதியில் "வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகள் வேகமாக நகர்ந்து அதிகமாக மோதிக்கொள்வதால் வினைவேகம் கூடுகிறது, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பாகும்" என்று எழுதியிருக்கிறேன். சரியா சார்?

---

இயற்வேதியியல் ஆசிரியர்

முதல் பாதி பொய் அல்ல, ஆனால் அது விளக்கமும் அல்ல. மோதல்களின் எண்ணிக்கை கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். 303-லிருந்து 313-க்குப் போனால் 1.6 சதவீதம், அவ்வளவே. உங்கள் 48 கிலோஜூலை வைத்துப் பார்த்தால் அதே 10 டிகிரியில் வினைவேகம் 1.84 மடங்காகிறது. 1.6 சதவீதத்தால் 84 சதவீதத்தை விளக்க முடியாது. கிளர்வு ஆற்றலைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் கொண்ட மோதல்களின் பங்குதான் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெருகுகிறது. அர்ரீனியஸ் 1889-ல் வைத்த அடுக்குக்குறி உறுப்பு இதைத்தான் சொல்கிறது. கொள்கைப் பகுதியில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

10 டிகிரி விதியைச் சட்டம்போல எழுத வேண்டாம். 30-லிருந்து 40-க்குச் சரியாக இரட்டிப்பாக வேண்டுமென்றால் கிளர்வு ஆற்றல் 55 கிலோஜூல் இருக்க வேண்டும். 60-லிருந்து 70-க்கு அதே இரட்டிப்புக்கு 66 வேண்டும். ஒரே வினை இரண்டு இடத்திலும் இரட்டிப்பாக முடியாது. "பல வினைகளில், அறை வெப்பநிலையை ஒட்டி, தோராயமாக" என்ற மூன்று நிபந்தனைகளோடு சொல்லி, உங்கள் அளவீட்டில் அந்த விகிதம் என்ன வந்தது என்றும் காட்டுங்கள்.

---

லேப் அசிஸ்டென்ட் தரப்பு

நாளை லேபுக்குப் போகும்போது பக்கத்து பேட்சிடம் ஒன்று கேளுங்கள்: ஒரே ஃபிளாஸ்கைத் தேய்த்துக் கழுவாமல் அலசி மட்டும் பயன்படுத்தினார்களா என்று. சல்பர் கண்ணாடியில் படலமாக ஒட்டும். 30-ல் தொடங்கி 70 வரை வரிசையாகப் போனால் படலமும் கூடிக்கொண்டே போகும், சூடான முறைகளில் குறி சீக்கிரம் மறையும், கிளர்வு ஆற்றல் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். அவர்கள் பிழை உங்களுடையதற்கு எதிர்த்திசையில் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே அவர்கள் எண்ணை "சரியான விடை" என்று வைத்துக்கொண்டு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

ஃபிளாஸ்கின் அளவும் கேளுங்கள். 60 மி.லி. கலவை 100 மி.லி. ஃபிளாஸ்கில் ஆழமாக நிற்கும், 250-ல் பரவி ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் குறி மறைய அதிக சல்பர் வேண்டும், நேரம் கூடும். எல்லா முறைக்கும் ஒரே ஃபிளாஸ்க் என்றால் சாய்வு பாதிக்காது, நடுவில் மாற்றியிருந்தால் பாதிக்கும். செய்முறைப் பகுதியில் ஃபிளாஸ்கின் கொள்ளளவை எழுத மறக்காதீர்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு முறையும் கலவையை உடனே சோடியம் கார்பனேட் கரைசல் இருக்கும் வாளியில் ஊற்றுங்கள். அமிலம் நடுநிலையாகி வினை நிற்கும், வாயுவும் அடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், நுரைத்து வரும். ஃபிளாஸ்கை ஈரம் காயும் முன்பே பிரஷ் போட்டுத் தேயுங்கள். காய்ந்த படலத்தைக் கிளப்புவது கடினம்.